ஐந்நூறு கஜம்

ரெனெட்டா ஆக்சன்டைனைப் பகைத்துக்கொண்டவன் மேட்ரி ராணுவ முகாமில் நிம்மதியாகப் பறந்ததாகச் சரித்திரம் கிடையாது. பெரிய பதவி ஒன்றும் இல்லை அவளுக்கு. தோளில் நட்சத்திரம் இல்லை, நெஞ்சில் பதக்கம் இல்லை, உடம்பில் ராணுவ உடுப்பே இல்லை. பூப்போட்ட சட்டையும் கழுத்தில் தொங்கும் மூக்குக் கண்ணாடியுமாக, ஓடுதளத்தை ஒட்டிய கட்டடத்தில் ஒரு மூலை அறையில் உட்கார்ந்திருக்கும் ஐம்பத்தொரு வயதுப் பெண். ஆனால் எந்தப் படைப்பிரிவு, எந்தத் தேதியில், எந்த விமானத்திலிருந்து குதிக்க வேண்டும் என்று எழுதும் பேனா அவள் கையில் இருந்தது. அது போதாதா?

தரைப்படைக்காரனிடம் குதிக்கிற ஆள் இருக்கும், விமானம் இருக்காது. விமானப்படைக்காரனிடம் விமானம் இருக்கும், கதவைத் திறந்தால் குதிக்க ஆள் இருக்காது. இரண்டு பேருக்கும் பயிற்சி வேண்டும், இரண்டு பேருக்கும் ஒருவனை ஒருவன் பிடிக்காது. இந்தக் கல்யாணத்தைத்தான் ரெனெட்டா மாதாமாதம் நடத்திவைத்தாள். மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை பெரிய கூடத்தில் எல்லாப் பிரிவுக்காரர்களும் கூடுவார்கள். வட கரோலினாவில் நடக்கும் கால்நடை ஏலத்தில்கூட அவ்வளவு கூச்சல் இருக்காது.

“மிஸ் ரெனெட்டா, என் பசங்க மூணு மாசமா தரையிலயே கெடக்குறானுங்க. ஒரே ஒரு விமானம் குடுங்க. உங்க கால்ல வேணா விழறேன்” என்று ஒரு மேஜர் கெஞ்சுவான்.

“விழறதுன்னா ஆயிரம் அடியிலேர்ந்து விழு மேஜர். அதுக்குத்தானே உனக்குச் சம்பளம் குடுக்குறான்” என்பாள். கூடமே சிரிக்கும். மேஜருக்கு விமானமும் கிடைத்துவிடும். வாய்தான் அப்படி, கை கெட்டதில்லை.

அந்த ஆகஸ்ட் மாதத்துக் கூட்டத்துக்கு முந்தின நாள், வெளி மாநிலத்திலிருந்து வரப்போகும் விமானப் பிரிவுகளின் பட்டியல் அவள் மேசைக்கு வந்தது. மூன்றாவது வரியில் கர்னல் ப்ரெண்ட் கெல்லர் என்று இருந்தது. ரெனெட்டா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தாள். அவனேதான். பதினாலு வருடமாக எந்தப் பெயரை நினைத்துக் கறுவிக்கொண்டிருந்தாளோ அந்தப் பெயர், தன் காலால் நடந்து அவள் பட்டியலுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று சும்மாவா சொன்னார்கள்!

இவ்வளவு ஆத்திரம் ஏன் என்று கேட்பீர்கள். பதினாலு வருடத்துக்கு முன்னால் அவளும் உடுப்புப் போட்டிருந்தாள். ராப்சன் மாவட்டத்துப் புகையிலைக் காட்டில் வளர்ந்த லம்பீ என்னும் அமெரிக்கப் பழங்குடிப் பெண். பத்தொன்பது வயதில் படையில் சேர்ந்தாள். பாராசூட் மடிக்கும் கொட்டகையில் தொடங்கி, நூற்றுப் பன்னிரண்டு முறை குதித்து, சார்ஜெண்ட் ஆகி, கடைசியில் ‘பெரிய மணல்’ களத்துக்குப் பொறுப்பாளர் ஆனாள். பைன் காட்டுக்கு நடுவே நீளவாக்கில் வெட்டிவிட்ட வெறும் மணல்வெளி அது. அதில் ஆரஞ்சு நிறத் துணியில் ஒரு குறி விரித்திருக்கும். விமானம் முதல் சுற்றில் நாலைந்து பேரை மட்டும் இறக்கும். முதல் ஆள் குறியிலிருந்து எத்தனை கஜம் தள்ளி விழுந்தான் என்று களப் பொறுப்பாளர் வானொலியில் விமானிக்குச் சொல்ல வேண்டும். விமானி அதை வைத்து அடுத்த சுற்றைத் திருத்திக்கொள்வான். அவனுக்கு மதிப்பெண்ணும் அதே எண்தான்.

இரண்டாவது சுற்றில் முப்பது பேர் வரிசையாகக் குதிப்பார்கள். ஒருவனுக்கும் அடுத்தவனுக்கும் நடுவில் அறுபது, எழுபது கஜம் ஓடிவிடும். அதனால் முதல் ஆள் ரொம்பத் தள்ளி விழுந்தால் கடைசி ஆள் காட்டுக்குள்தான்.

இந்த எண்ணில்தான் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. விமானி நல்ல மாதிரியாக இருந்தால், களத்தில் நிற்பவர்கள் ஐம்பது கஜம், மிஞ்சினால் நூறு கஜம் குறைத்துச் சொல்வார்கள். ‘சர்க்கரை போடுவது’ என்று அதற்குப் பெயர். அந்த ஊரில் தேநீரில் சர்க்கரை இல்லாமல் கொடுத்தால் விருந்தாளியை அவமதித்த மாதிரி. எழுதப்படாத மரியாதை. இன்றைக்கு நீ போட்டால் நாளைக்கு அவன் உன் ஆட்களுக்காக விமானத்தை நிறுத்திவைப்பான். விமானிக்கும் தெரியும், அந்த எண்ணில் நூறு கஜம் பொய் இருக்குமென்று. அதைச் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்வான். எல்லாருக்கும் தெரிந்த பொய்யில் என்ன ஆபத்து என்று எல்லாரும் நினைத்தார்கள்.

அன்றைக்கு விமானத்தை ஓட்டியவன் கெல்லர். அப்போது கேப்டன். காலையில் ரெனெட்டாவின் ஆட்கள் வந்த பஸ் வழியில் நின்றுபோனபோது, முணுமுணுக்காமல் நாற்பது நிமிடம் காத்திருந்தவன். முதல் சுற்று முடிந்ததும் வானொலியில் கொஞ்சினான். “ரெனெட்டா, இந்த வாரம் எனக்குப் பரீட்சை. சர்க்கரையைக் கொஞ்சம் தாராளமாவே போடும்மா.”

முதல் ஆள் விழுந்தது எழுநூறு கஜம் தள்ளி. ரெனெட்டா இருநூறு என்று சொன்னாள்.

ஏன் அவ்வளவு குறைத்தாள்? அதிகாரி ஒருவன் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்டானே என்ற குளிர்ச்சிதான். வேறு காரணம் கிடையாது. நல்ல பெயர் வாங்கும் ஆசை. அவளே பின்னால் ஆயிரம் முறை யோசித்துப் பார்த்தும் இதைவிட மேலான காரணம் ஒன்று அகப்படவில்லை. விமானத்தின் பின்கதவில் நின்றவன், “ரொம்ப தூரம் போயிட்டாங்க சார்” என்று கெல்லரிடம் சொன்னானாம். கெல்லர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இருநூறு என்றால் உண்மையில் முந்நூறு என்று கணக்குப் போட்டு, முந்நூறுக்கு மட்டும் திருத்தினான். இரண்டாவது சுற்றின் கடைசி ஆறு பேர் பைன் மரங்களில் விழுந்தார்கள். ஐந்து பேருக்குச் சிராய்ப்பு. ஆறாவது ஆள் டார்சி சேவிஸ், ரெனெட்டாவின் சித்தி மகன். இருபத்திரண்டு வயது. கிளை முறிந்து அறுபது அடி கீழே விழுந்து இடுப்பு நொறுங்கிப்போனது. அவனைப் படையில் சேரச் சொல்லி, கூட்டிவந்து, கையெழுத்துப் போடவைத்தவளும் ரெனெட்டாவேதான்.

விசாரணை நடந்தது. கெல்லர் சட்டையில் ஒரு மடிப்புக் கலையாமல் வந்து உட்கார்ந்தான். “தரையிலிருந்து இருநூறு என்றார்கள். இருநூறை நம்பிப் பறந்தேன். நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை” என்றான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தான். ரெனெட்டா உண்மையைச் சொன்னால் பொய் அறிக்கை கொடுத்த குற்றத்துக்குச் சிறை. சொல்லாவிட்டால் காற்று வேகத்தைக் கவனிக்காமல் குதிக்கவிட்ட குற்றம், பொறுப்பு மட்டும் போகும். அவள் காற்று என்றே சொன்னாள். பொறுப்பு போனது, மூன்று வருடம் கழித்து உடுப்பும் போனது. விசாரணை முடிந்த அன்று நடைவழியில் கெல்லர் அவள் தோளைத் தட்டி, “இதிலேர்ந்து ஒரு பாடம் கத்துக்கோ, சார்ஜெண்ட்” என்றான். பாவி! அந்தத் தட்டு இன்னும் அவள் தோளில் இருந்தது.

வீட்டுக்கும் அவள் காற்று என்றுதான் சொல்லியிருந்தாள். காற்றைச் சொன்னாள், விமானியின் திமிரைச் சொன்னாள், பழியை இவள் தலையில் போட்டுவிட்டு அவன் தப்பித்ததைச் சொன்னாள். தான் விழுங்கிய ஐந்நூறு கஜத்தை மட்டும் சொல்லவில்லை.

இப்போது கெல்லர் கர்னல். அடுத்த படி ஜெனரல். அதற்கான தேர்வுக் குழு நவம்பரில் கூடுகிறது. அதற்கு முன் அவன் தன் கையால் ஒருமுறை வீரர்களை இறக்கிக் காட்டி, தாளில் பதிவாக வேண்டும். அந்த ஒரு பறப்புக்காகத்தான் மேட்ரிக்கு வந்திருந்தான்.

ரெனெட்டா அவசரப்படவில்லை. முதலில் அவன் பிரிவுக்குச் சாமான் ஏற்றி இறக்கும் வேலையாக எழுதினாள். மறு வாரமும் சாமான். அதற்கடுத்த வாரம் தண்ணீர்ப் பீப்பாய்கள். அதிகாலை நாலு மணிப் பறப்பு எல்லாம் அவனுக்கு. எல்லாம் விதிப்படி, வரிக்கு வரி காரணத்தோடு. ஆறு வாரமாக அவன் கை ஒரு வீரனைக்கூட இறக்கவில்லை. ஏற்கெனவே வருடக்கணக்காக நாற்காலியில் உட்கார்ந்து துருப்பிடித்த கை.

ஒருநாள் அவனே நேரில் வந்தான்.

“அட, ரெனெட்டா! நீதானா இது? உனக்கு வயசே ஆகலியே.”

“உங்களுக்கு ஆயிருக்கு கர்னல். உக்காருங்க.”

“ஆறு வாரமா என் பசங்க மூட்டை தூக்குறாங்க. நான் என்ன, வீடு காலி பண்ணிக்குடுக்குற கம்பெனியா நடத்துறேன்? எனக்கு ஆளுங்களை இறக்கணும்.”

“வரிசையில நிக்கிறீங்க. உங்க முறை வரும்.”

அவன் எழுந்து கதவைச் சாத்தினான். சிரிப்பு மட்டும் முகத்தில் அப்படியே இருந்தது. “இங்க பாரு. பழசை மனசுல வச்சிக்கிட்டு விளையாடாதே.”

“எந்தப் பழசு? நீங்க சர்க்கரை கேட்டதா, கேக்கவே இல்லன்னு சத்தியம் பண்ணதா?”

“நான் கேட்டதுக்குச் சாட்சி கிடையாது. நீ சொன்ன நம்பருக்கு உன் கையெழுத்தே சாட்சி. சொல்லணும்னா சொல்லு, யார் வேணாம்னது? அந்த மரத்துலேர்ந்து விழுந்த பையன் உனக்குச் சொந்தம்தானே? அவனுக்குத் தெரியுமா, அக்கா என்ன நம்பர் சொன்னான்னு?”

ரெனெட்டாவின் நாக்கைப் பிடுங்கி அவன் பையில் போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. அவன் அதைப் பார்த்து ரசித்தான். பிறகு அவள் மெல்லப் பட்டியலைத் திருப்பி, “அக்டோபர் பதினெட்டு, குடும்ப தினம். வீரர்களோட பெண்டாட்டி பிள்ளைங்க, முகாமுக்குத் தலைமை வகிக்கிற ஜெனரலம்மா எல்லாரும் பாக்க வருவாங்க. வேணுமா?” என்று கேட்டாள்.

கெல்லரின் கண் மின்னியது. கூட்டத்துக்கு முன்னால் பறப்பதென்றால் கரும்பு தின்னக் கூலியா அவனுக்கு! “இதைத்தான் முதல்லயே குடுத்திருக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஒரு விஷயம் அவனுக்குத் தெரியாது. இரண்டு வருடமாகக் குடும்ப தினத்தில் வானொலிப் பேச்சை ஒலிபெருக்கியில் போடுகிறார்கள், பிள்ளைகள் கேட்டுச் சந்தோஷப்படட்டும் என்று. அவள் சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்ல? இன்னொன்றும் செய்தாள். முதல் சுற்றில் மனிதர்கள் வேண்டாம், பாராசூட் கட்டிய மணல்மூட்டை ஒன்று போதும் என்று பட்டியலில் எழுதினாள். தன் பழிக்காக எவன் பெற்ற பிள்ளையும் மரத்தில் தொங்கக் கூடாது என்ற அளவுக்கு அவளுக்கு நிதானம் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து டார்சி சாப்பிட வந்தான். புல்வெட்டும் இயந்திரங்களைப் பழுது பார்த்துப் பிழைக்கிறவன், முப்பத்தாறு வயதுக்கு ஐம்பது வயது நடை. சோளமாவு ரொட்டிக்கு நடுவே கீரையும் பன்றிக் கொழுப்பும் வைத்து நாலு ரொட்டி உள்ளே போகும் வரை அவன் பேசவில்லை. பிறகு கேட்டான்.

“என்னக்கா, முகம் ஒரு மாதிரி இருக்கு? யாரையாவது கொன்னுட்டியா?”

“இன்னும் இல்ல. கெல்லர் வந்திருக்கான்.”

டார்சி ரொட்டியைக் கீழே வைத்தான். “அந்தக் கெல்லரா?”

“அவன்தான். பதினெட்டாம் தேதி பெரிய மணல்ல இறக்கப் போறான். அவன் கை சரியில்ல, தப்பா விழும். விழுந்தா சர்க்கரை கேப்பான். ஊரே கேக்குற மாதிரி கேப்பான்.”

டார்சி தடியால் தரையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். “ஐயோ, என் தங்க அக்கா! நான் வரேன். முதல் வரிசையில உக்காருறேன். அவன் மூஞ்சி போற போக்கைப் பாக்கணும். பதினாலு வருஷமா காலையில எழுந்து இந்தக் காலைக் கீழே வைக்கிறப்பல்லாம் அவன் பேரைச் சொல்லித்தான் வைக்கிறேன், தெரியுமா?”

“நீ வேணாம்டா. வெயில் அடிக்கும்.”

“வெயிலா? நரகமே அடிச்சாலும் வருவேன்.”

அன்று இரவு அவள் தூங்கவில்லை. கெல்லரின் சர்க்கரையை ஊர் கேட்டால் அவனுக்கு ஒரு கண்டிப்பு கிடைக்கும், பறப்பைத் திரும்பச் செய்யச் சொல்வார்கள், நவம்பரில் இல்லாவிட்டால் அடுத்த வருடம் நட்சத்திரம் வந்துவிடும். அவனை அடியோடு சாய்க்க வேண்டுமானால் பழைய கதையைச் சொல்ல வேண்டும். பழைய கதையைச் சொன்னால் டார்சி கேட்பான். அவள் மனம் இந்த இரண்டுக்கும் நடுவில் செக்குமாடாகச் சுற்றியது.

பதினெட்டாம் தேதி வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. மரப்படிகளில் குடும்பங்கள் உட்கார்ந்து வறுத்த வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தன. டார்சி சொன்னபடி முதல் வரிசையில், சலவைச் சட்டையோடு. ஜெனரலம்மா கறுப்புக் கண்ணாடியோடு நடுவில். களத்தில் சார்ஜெண்ட் மேக்கன் வானொலியோடு நின்றான். நல்ல பையன், யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவன். ரெனெட்டா திட்டப் பொறுப்பாளர் என்ற முறையில் அவன் பக்கத்தில் நின்றாள்.

விமானம் வந்தது. மணல்மூட்டை விழுந்தது. குறியைத் தாண்டி, தாண்டி, பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளே “ஓ” என்று கத்தும் அளவுக்குத் தாண்டிப் போய் விழுந்தது. மேக்கன் அளவுக்கருவியில் பார்த்தான். அறுநூற்றுப் பத்து கஜம்.

ஒலிபெருக்கி கரகரத்தது. “தரை, நான் கெல்லர். எவ்வளவுப்பா?” மேக்கன் வாயைத் திறப்பதற்குள் அந்தக் குரலே தொடர்ந்தது. “இன்னிக்குப் பெரிய மனுஷங்க எல்லாம் உக்காந்திருக்காங்க. சர்க்கரையைக் கொஞ்சம் தாராளமாவே போட்டுக் குடு, சார்ஜெண்ட்.”

அதே வார்த்தை! படிகளில் இருந்த பழைய வீரர்கள் குபீரென்று சிரித்தார்கள். ஜெனரலம்மா தலையைத் திருப்பியதும் சிரிப்பு அப்படியே நின்றது. மேக்கன் பாவமாக ரெனெட்டாவைப் பார்த்தான். “இருநூத்தம்பதுன்னு சொல்லிடவா மிஸ் ரெனெட்டா?” என்று முணுமுணுத்தான். அவள் அவன் கையிலிருந்து வானொலியைப் பிடுங்கினாள்.

“அறுநூத்திப் பத்து கஜம், கர்னல். சர்க்கரை தீந்துபோச்சு.”

ஒலிபெருக்கி மறுபடி கரகரத்தது. பிறகு, “யாரு பேசுறது?”

“ரெனெட்டா ஆக்சன்டைன்.”

“ரெனெட்டா.” குரல் தணிந்தது. “யோசிச்சுப் பேசு. உனக்கும் வீட்டுல ஆள் இருக்கு.”

அவள் படிகளைப் பார்த்தாள். டார்சி எழுந்து நின்று தடியை ஆகாயத்தில் ஆட்டிக்கொண்டிருந்தான். முகம் முழுக்கச் சிரிப்பு. அப்படி ஒரு சிரிப்பை அவன் முகத்தில் அவள் பதினாலு வருடமாகப் பார்த்ததில்லை. “விடாதே அக்கா! போடு!” என்று கத்தினான். இதோடு நிறுத்தியிருக்கலாம். வானொலியை மேக்கனிடம் கொடுத்துவிட்டு, டார்சியோடு வீட்டுக்குப் போய், சாகும்வரை சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கலாம். ஆனால் ‘உனக்கும் வீட்டுல ஆள் இருக்கு’ என்றானே, அந்த வார்த்தையும் அவள் தோளைத் தட்டியது. தன் மூக்கு போனாலும் எதிரிக்குச் சகுனத்தடை ஆக வேண்டும் என்பார்களே, அந்த வெறி அவள் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

“பதினாலு வருஷத்துக்கு முன்னாடி இதே மணல்ல, இதே வார்த்தையைச் சொல்லி நீ என்கிட்ட சர்க்கரை கேட்டே” என்றாள். ஒலிபெருக்கி அவள் குரலைக் காடு வரைக்கும் கொண்டுபோனது. “எழுநூறு கஜம் தள்ளி விழுந்ததை இருநூறுன்னு சொன்னேன். உனக்காகச் சொன்னேன். உன் பின்கதவு ஆள் தூரம்னு சொல்லியும் நீ கேக்கல. ஆறு பேர் மரத்துல விழுந்தாங்க. விசாரணையில நீ எதுவுமே கேக்கலன்னு கையைத் தூக்கிச் சத்தியம் பண்ணே. காத்துன்னு நானும் பொய் சொன்னேன். ரெண்டு பேரும் சேந்து பண்ணது கெல்லர். நான் ஒத்துக்குறேன். இப்ப நீ சொல்லு, கேட்டியா இல்லியா? ஊரே கேட்டுக்கிட்டிருக்கு, ஒலிபெருக்கி போட்டிருக்கு.”

விமானம் வட்டமடித்துக்கொண்டிருந்தது. ஜெனரலம்மா மணலில் இறங்கி வந்து ரெனெட்டாவின் கையிலிருந்து வானொலியை வாங்கினார். “கர்னல் கெல்லர், விமானத்தைத் துணை விமானிகிட்ட குடுங்க. கையை மடியில வச்சிக்கிட்டு உக்காருங்க. இன்னிக்கு யாரும் குதிக்கல. திரும்புங்க” என்றார். பிறகு ரெனெட்டாவிடம் வானொலியைத் திருப்பிக் கொடுக்காமல், “திங்கக்கிழமை காலையில என் அறைக்கு வாங்க. கூட ஒரு வக்கீலையும் கூட்டிட்டு வாங்க” என்றார்.

“வரேன், மேடம்.”

முப்பது வீரர்களையும் உள்ளேயே வைத்துக்கொண்டு விமானம் காட்டுக்கு மேலே தாழ்ந்து திரும்பிப் போனது. அந்தச் சன்னலுக்குள் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கெல்லரை ரெனெட்டா மனதுக்குள் ஆசைதீரப் பார்த்தாள். ஒழிந்தான்! இனி நட்சத்திரம் இல்லை, தேர்வுக் குழு இல்லை, மடிப்புக் கலையாத சட்டை இல்லை. நெஞ்சு நிறைந்து தளும்பியது. அதை ஏன் மறைக்க வேண்டும், அவள் வாழ்க்கையில் அவ்வளவு ருசியான நிமிடம் வேறு கிடையாது.

கூட்டம் கலைந்தது. டார்சி மட்டும் மணலில் தடியை ஊன்றி ஊன்றி இறங்கி வந்தான். முகத்தில் சிரிப்பு இல்லை. ஆரஞ்சுத் துணிக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

“எவ்வளவு?”

“டார்சி, வீட்டுக்குப் போய்ப் பேசலாம்...”

“நம்பரைச் சொல்லு. நம்பர் சொல்றதுதானே உன் வேலை.”

“எழுநூறு. இருநூறுன்னு சொன்னேன்.”

“ஐந்நூறு” என்றான். துணியில் காலை வைத்துத் திரும்பி, மணலில் நடக்கத் தொடங்கினான். ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணினான். நல்ல காலை எட்டிவைப்பான், மற்றக் காலை இழுத்துச் சேர்ப்பான், தடியை ஊன்றுவான், அது ஒன்று. ரெனெட்டா பின்னால் போனாள். நூற்றிருபதில் நின்று மூச்சு வாங்கினான். அவள் முழங்கையைப் பிடிக்கப் போனாள்.

“தொடாதே.”

மறுபடி நடந்தான். வியர்வையில் சலவைச் சட்டை முதுகோடு ஒட்டியது. இருநூற்று நாற்பதில் தடி மணலில் புதைந்து ஒருமுறை முட்டி போட்டான், அவனாகவே எழுந்தான். முந்நூற்றுச் சொச்சத்தில் கணக்கு விட்டுப்போனது.

“எத்தனை?” என்றான், திரும்பாமல்.

“முந்நூத்திப் பதினேழு” என்றாள். அவளும் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டுதான் வந்தாள்.

ஐந்நூறு முடிய முக்கால் மணி நேரம் ஆனது. டார்சி நின்று திரும்பிப் பார்த்தான். ஆரஞ்சுத் துணி கைக்குட்டை அளவில் தெரிந்தது.

“இவ்வளவையும் முழுங்கியிருக்கே” என்றான்.

“தப்புதான். அவன் கேட்டான், நான்...”

“அவன் எனக்கு யாரு? எங்கேயோ பொறந்தவன். அவன் பேரைக்கூட உன் வாயாலதான் கேட்டேன். நீ என் அக்கா. ஆஸ்பத்திரியில பதினோரு வாரம் தலைமாட்டுல உக்காந்து, காத்துடா தம்பி, காத்துடா தம்பின்னு நீதான் சொன்னே. உன் கையைப் பிடிச்சிக்கிட்டு நான் உனக்காக அழுதேன், உன் வேலை போச்சேன்னு.”

கெல்லர் ஒழிந்த சந்தோஷம் அப்போதும் நெஞ்சில் சூடு ஆறாமல் அப்படியே இருந்தது. அது இருந்ததுதான் அவளுக்கு வெட்கமாக இருந்தது. அழுகை வந்தது, ஆனால் அவன் முன்னால் அழ அவளுக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

டார்சி சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். “நல்லாத்தான் பழி வாங்கினே. ஒண்ணும் குறை சொல்ல மாட்டேன். ஆனா எனக்காக வாங்கினேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதே” என்றான்.

பிறகு தடியை ஊன்றித் திரும்பி நடந்தான். அவள் கூடப் போகவில்லை.